இளநிலை உதவியாளர் அடைக்கு உட்கார்ந்த வரலாறு

இந்திய ஆட்சிமுறையின் வரலாற்றை எழுதப் புகுகிறவர்கள் அசோகர் காலத்தில் ஆரம்பித்து, ஆங்கிலேயர் காலத்தில் மூச்சு வாங்கி, அத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். சிதம்பரத்துக்கு மேற்கே, காட்டுமன்னார்கோயில் டவுன் பஸ் திரும்பும் முனையில் உள்ள பொற்சபை நகருக்கு வந்து, சுப்பராயலுவின் கோழிக்கூட்டை எட்டிப் பார்த்த வரலாற்று ஆசிரியர் ஒருவர்கூட இல்லை. நிர்வாகக் கலை தன் உச்சியைத் தொட்டது அங்கேதான் என்பதை இனியும் மறைப்பது தேசத்துரோகம்.

சுப்பராயலு இந்த மாவட்டத்து அரசு அலுவலகம் ஒன்றில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த அலுவலகம் என்று கேட்காதீர்கள். கேட்டால் அதற்கும் ஒரு மனு எழுதிப்போட வேண்டிவரும். 'பரிசீலனையில் உள்ளது' என்ற இரண்டே சொற்களால் ஒரு தலைமுறையையே அமைதியாக வைத்திருந்தவர் அவர். கோப்பை மேசை மேல் வைத்தால் மின்விசிறிக் காற்றில் பறக்கும். பீரோவில் வைத்தால் கறையான் அரிக்கும். ஆகவே மிக முக்கியமான கோப்புகளை யாரிடமும் தராமல் தம் நேரடிப் பொறுப்பிலேயே வைத்துக்கொள்வார். அந்தப் பொறுப்பிலிருந்து ஒரு கோப்புகூடத் தொலைந்ததில்லை. வெளியே போனதும் இல்லை.

ஓய்வு பெற்ற மறுநாள் காலை பால்காரர் வந்து கதவைத் தட்டினார். சுப்பராயலு பழக்கதோஷத்தில், "நாளைக்கு வாங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அன்று வீட்டில் காபி இல்லை.

"இந்தா பாருங்க," என்றாள் அவர் மனைவி தையல்நாயகி. "உங்களுக்கு அதிகாரம் பண்ண யாராச்சும் வேணும்னா ஆடு, கோழின்னு எதனா வாங்கிக் கட்டிக்குங்க. பால்காரர வுட்டுடுங்க."

அந்த நாளில் புறக்கடைக் கோழி வளர்ப்பு என்பது படித்தவர்களிடையே ஒரு ஞானமார்க்கமாகப் பரவிக்கொண்டிருந்தது. வாரப் பத்திரிகைகள் 'கொல்லையில் ஒரு தங்கச் சுரங்கம்' என்று எழுதின. பொற்சபை நகரில் யோகா வகுப்புக்குப் போகாதவர்கள் எல்லாம் கோழிக்கூடு செய்யச் சொல்லியிருந்தார்கள். சுப்பராயலு சேத்தியாத்தோப்புச் சந்தைக்குப் போய் ஐந்து பெட்டையும் ஒரு சேவலும் வாங்கி, காலைக் கட்டிக் கூடையில் போட்டு, பஸ்ஸில் மடிமேல் வைத்துக் கொண்டு வந்தார்.

மறுநாளே பணி நியமனம் நடந்தது. தகரத்தை விடாமல் கொத்திக்கொண்டிருந்த கறுப்புப் பெட்டை 'தட்டச்சர்' ஆயிற்று. எல்லாவற்றையும் கிளறிப்போட்டு எதையும் இருந்த இடத்தில் வைக்காத சாம்பல் பெட்டைக்குப் 'பதிவறை எழுத்தர்' பதவி. இன்னும் முட்டையிடத் தொடங்காத, கண் துறுதுறுத்த செவலைக்கு 'இளநிலை உதவியாளர்'. சேவலுக்கு அவர் பதவி எதுவும் தரவில்லை. அது தானே கூரைமேல் ஏறி நின்று எல்லாருக்கும் மேலதிகாரி தான்தான் என்று அறிவித்துக்கொண்டது. சுப்பராயலுவும் பழக்கத்தால் எழுந்து நின்றுவிட்டார்.

விடியற்காலையில் கூட்டைத் திறந்ததும் வருகைப்பதிவு. அதன் பிறகே குருணை. "பா... பா... பா... இளநிலை உதவியாளர் எங்கே? இளநிலை உதவியாளர்!" என்று அவர் கூப்பிடும் குரல் பின்சுவரைத் தாண்டிக் கேட்கும்.

பின்சுவருக்கு அந்தப் பக்கம்தான் ஆரோக்கியம்மாள் வீடு.

ஆரோக்கியம்மாளின் கணவர் அந்தோணிசாமி, சுப்பராயலுவின் அலுவலகத்தில் பியூனாக இருந்தவர். சுப்பராயலு உயரம் குறைந்தவர். மேசையோ அரசாங்கத்துடையது; யாருக்கும் எட்டாதபடி செய்திருந்தார்கள். தினமும் காலையில் நாற்காலி மெத்தையைத் தட்டி, அடியில் பழைய காலண்டர் அட்டைகளைச் செருகி, "இப்ப எட்டும் சார், உக்காருங்க" என்று சொன்னவர் அந்தோணிசாமிதான். இரண்டாயிரத்து நான்கில், வேலையில் இருக்கும்போதே மாரடைப்பில் போய்விட்டார். சுப்பராயலு நேரில் வந்து மாலை போட்டார், கண்ணும் கலங்கினார்.

கருணை அடிப்படையில் மகள் அறிவுமதிக்கு வேலை கேட்டு ஆரோக்கியம்மாள் மனுக் கொடுத்தாள். மகள் பி.காம். படித்தவள். கேட்டது இளநிலை உதவியாளர் வேலை. மனு சுப்பராயலுவின் கைக்கு வந்தது. அவர் அதை மிக முக்கியமானது என்று கருதினார்.

ஆறு வருடம் ஓடிப்போயிற்று. அறிவுமதி மேலவீதி ஜெராக்ஸ் கடையில் நின்று ஊரார் சான்றிதழ்களை நகலெடுத்துக்கொண்டிருந்தாள். வேலை கிடைத்தவர்கள்தான் அங்கே அதிகம் வருவார்கள்; இனிப்பும் கொடுத்துவிட்டுப் போவார்கள். ஆரோக்கியம்மாள் சுவரோரம் சுப்பராயலுவைப் பார்க்கும்போதெல்லாம், "சார், அந்த மனு..." என்பாள். "நான் ரிட்டயர் ஆயிட்டேன்மா. இப்ப என் கையில ஒண்ணும் இல்ல" என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டுவார். உண்மையிலேயே கையில் ஒன்றும் இருக்காது, குருணையைத் தவிர.

கோழி வளர்ப்பில் வரும் இடையூறுகளை அவர் எதிர்கொண்ட விதத்தைப் பாடநூலில்தான் சேர்க்க வேண்டும். தட்டச்சர் ஒருநாள் தான் இட்ட முட்டையைத் தானே குடித்துவிட்டு, அலகில் மஞ்சள் கருவோடு கையும் களவுமாகப் பிடிபட்டது. சுப்பராயலு உடனே குற்றச்சாட்டுக் குறிப்பாணை வழங்கினார். ஊழியர் மொழியில் அதற்குப் 'பதினேழு பி' என்று பெயர். அது வந்த வீட்டில் அன்றைக்கு யாருக்கும் சோறு இறங்காது. அதைக் கூட்டுக்கு முன்னால் நின்று உரக்கப் படித்தார். தட்டச்சர் அந்தத் தாளையும் கொத்தித் தின்றது.

"சுண்ணாம்புச் சத்து இல்லன்னா அது பாவம் இன்னா பண்ணும்? கிளிஞ்சலை இடிச்சுப் போடுங்க" என்றாள் தையல்நாயகி.

"விசாரணை நடக்கிறப்ப சிபாரிசு பண்ணாதே!"

தையல்நாயகி அவர் தூங்கும் நேரம் பார்த்துக் கிளிஞ்சலை இடித்துத் தீனியில் கலந்துவிட்டாள். ஒரு வாரத்தில் தட்டச்சர் திருந்திவிட்டது. "பதினேழு பி-க்குப் பயப்படாத ஜீவன் உண்டா?" என்றார் சுப்பராயலு. பதிவறை எழுத்தருக்கு உடம்பெல்லாம் செள்ளுப் பூச்சி பிடித்தபோதும் அவர் எச்சரிக்கை விடுத்தார், தையல்நாயகி அடுப்புச் சாம்பலைக் கொட்டிப் புரளவிட்டாள். செள்ளு போயிற்று. எச்சரிக்கையின் புகழ் தெருவெங்கும் பரவியது.

அப்போதுதான் இளநிலை உதவியாளர் விவகாரம் வெடித்தது. செவலை முட்டையிடத் தொடங்கிவிட்டது என்பது அதன் கொக்கரிப்பிலிருந்து தெரிந்தது. ஆனால் கூட்டில் முட்டை இல்லை. காலையில் சுவரேறிக் குதிப்பதும், உச்சிவேளைக்கு ஒன்றும் தெரியாததுபோலத் திரும்புவதுமாக இருந்தது. மேலதிகாரியின் அனுமதி பெறாமல் அயல்பணி! சுப்பராயலு சட்டையை மாட்டிக்கொண்டு பின்தெருவைச் சுற்றி ஆரோக்கியம்மாள் வீட்டு வாசலில் போய் நின்றார்.

"ஏம்மா, எங்க கோழி உங்க வூட்ல முட்டை வுடுதா?"

"எந்தக் கோழிங்க சார்?"

"செவலை. இளநிலை உதவியாளர்."

"அந்தப் போஸ்டு காலி இல்லன்னு சொன்னீங்களே சார். கோழிக்குக் குடுத்துட்டீங்களா?"

"அது வேற விஷயம். முட்டை எங்கே?"

"தேடிப் பாக்கணும் சார். வெறகு ஜாஸ்தியா கெடக்குது. நாளைக்கு வாங்க."

மறுநாள் போனார். "பொண்ணுக்குத்தான் சார் தெரியும். அது கடைக்குப் போயிடுச்சு. திங்கக்கெழம வாங்க."

திங்கட்கிழமை போனார். "முட்டைங்க இருக்குது சார். ஆனா எங்க வூட்லயும் ரெண்டு கோழி இருக்குதே. இது உங்க கோழிதான் வுட்டுதுன்னு ஒரு ஆதாரம் வேணும்."

"முட்டைக்கு ஏதும்மா ஆதாரம்? நான் சொல்றேனே, போதாதா?"

"எங்க வூட்டுக்காரரு செத்ததுக்கே ஆதாரம் கேட்டீங்களே சார். பொணத்துக்கு மாலை போட்டது நீங்கதான்."

சுப்பராயலு தலையை ஆட்டியபடி திரும்பி நடந்தார். இந்த நடைமுறையை எங்கோ பார்த்ததுபோல் இருந்தது அவருக்கு. ஒழுங்கான நடைமுறை என்று மனதுக்குள் பாராட்டவும் செய்தார். யாரோ நன்றாகப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள்.

அடுத்த வாரம் செவலை இரவிலும் கூட்டுக்குத் திரும்பவில்லை. நாய் பிடித்துவிட்டதோ, கீரி இழுத்துப் போய்விட்டதோ என்று அவருக்குப் பகீரென்றது. உண்மையில் அவருக்கு அந்தக் கோழிமேல் பிரியம். விடிந்ததும் ஓடினார். ஆரோக்கியம்மாள் வீட்டுப் பின்கட்டில், தவிடும் வைக்கோலும் போட்ட கூடையில், செவலை சிறகைப் பரத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கண் பாதி மூடியிருந்தது. அவர் கையை நீட்டினார். 'கொர்ர்' என்று உறுமி ஒரு கொத்துக் கொத்தியது.

பயம் போய்க் கோபம் வந்தது சுப்பராயலுவுக்கு. "பாருங்க அநியாயத்த! காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் சீட்டை வுட்டு எழுந்துக்கறதில்ல. பக்கத்துல போனா சீறுது. வேலை ஒண்ணும் வெளிய வரல. தீனிக்கு மட்டும் குறைச்சல் இல்ல. எங்க ஆபீசுல இப்படி ஒருத்தன் இருந்தா வுட்டிருப்பேனா நான்?"

கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அறிவுமதி வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். ஆரோக்கியம்மாள் சிரிக்கவில்லை. "வுட்டிருக்க மாட்டீங்க சார். ப்ரமோஷன் குடுத்திருப்பீங்க."

அதை அவர் காதில் வாங்கவில்லை. அடைக்கு உட்கார்ந்த கோழியைத் தெளிய வைக்க என்ன செய்ய வேண்டும் என்று அவருக்குத் தெரியும். தண்ணீரில் முக்கி எடுக்க வேண்டும். அதற்கும் மசியாவிட்டால் மூக்கில் இறகைச் செருகி வெயிலில் விட வேண்டும். கிணற்றடியில் இருந்த வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதற்குள் அறிவுமதி ஓடிவந்து கூடைக்கு முன்னால் நின்றாள்.

"சார், அது சும்மா உக்காரல. அடியில பத்து முட்டை இருக்குது. இப்ப எழுப்புனீங்கன்னா அத்தனையும் வீணாப் போயிடும். மூணே வாரம் பொறுங்க."

"மூணு வாரமா? ஒரு வேலைக்கு மூணு வாரமா? யாரு இவ்ளோ நாள் காத்திருப்பாங்க?"

"நாங்க ஆறு வருசமா காத்திருக்கோம் சார்," என்றாள் அறிவுமதி. குரல் உயரவில்லை. ஆனால் அவள் நகரவும் இல்லை.

சுப்பராயலு வாளியைக் கீழே வைத்தார். இதற்கு என்ன விதி என்று யோசித்தார். ஒன்றும் புலப்படவில்லை. கடைசியில், பொதுநலன் கருதி, இளநிலை உதவியாளருக்கு மகப்பேறு விடுப்பு அனுமதித்து வாய்மொழி உத்தரவு பிறப்பித்துவிட்டு வீடு திரும்பினார்.

ஆனால் விடுப்பில் இருப்பவரை மேற்பார்வை செய்யாமல் இருக்க முடியுமா? தினமும் போய்ப் பார்த்தார். செவலை அலகால் முட்டைகளை ஒவ்வொன்றாகப் புரட்டி, ஓரத்தில் இருந்ததை உள்ளே தள்ளி, உள்ளே இருந்ததை ஓரத்துக்கு நகர்த்தியது. எந்த முட்டையும் கடைசியில் கிடக்க விடவில்லை. ஒரு நாளைக்கு ஒருமுறை எழுந்து, அவசரமாக நாலு வாய் தின்று, தண்ணீர் குடித்து, டீ குடிக்கக்கூட நேரமில்லாதவர் மாதிரி ஓடிவந்து உட்கார்ந்தது. உட்காருவதில் இவ்வளவு வேலை இருக்கிறதா என்று சுப்பராயலுவுக்கு ஆச்சரியமாக இருந்தது. உட்கார்ந்தே வாழ்ந்தவருக்கு இது புதுச் செய்தி.

பொரித்த அன்று தையல்நாயகியும் வந்திருந்தாள். செவலையின் சிறகுக்குள்ளிருந்து ஒவ்வொன்றாகத் தலை நீட்டின. எட்டுக் குஞ்சு. மிச்சம் இருந்த இரண்டு முட்டையை ஆரோக்கியம்மாள் எடுத்து, காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்தாள். "கலகலன்னு ஆடுது. உயிரு இல்ல. கூமுட்டை" என்று ஓரமாக வைத்தாள். பிறகு கோழியையும் குஞ்சுகளையும் கூடையோடு தூக்கி சுப்பராயலுவின் கையில் கொடுத்தாள்.

"எடுத்துக்கிட்டுப் போங்க சார். ஆதாரம் ஒண்ணும் வேணாம்."

"ரொம்ப சந்தோஷம்மா."

"சார், ஒண்ணு கேக்கலாமா? இதுவும் ஒரே எடத்துல உக்காந்துச்சு. எட்டு உயிரு வெளிய வந்துச்சு. நீங்க என் பொண்ணு மனு மேல அத்தினி வருசம் உக்காந்தீங்களே, இன்னா சார் வந்துச்சு?"

"நான் எங்கம்மா அது மேல உக்காந்..." என்று ஆரம்பித்த சுப்பராயலு பாதியில் நிறுத்தினார். முகம் வெளிறிவிட்டது. அவள் பேச்சுவாக்கில்தான் அப்படிச் சொன்னாள். அது பேச்சுவாக்கு அல்ல என்பது உலகத்தில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

அந்தோணிசாமி செத்த பிறகு காலண்டர் அட்டையைச் செருக ஆள் இல்லை. மெத்தை இறங்கிவிட்டது, மேசை எட்டவில்லை. கையில் கிடைத்த தடிமனான கோப்பு ஒன்றை எடுத்து அவரே அடியில் வைத்துக்கொண்டார். அப்போது அது மிக முக்கியமாகத் தேவைப்பட்டது. பிறகு மறந்துபோனார். இப்போது அந்தக் கோப்பின் உறையில் இருந்த பெயர் எழுத்து எழுத்தாக நினைவுக்கு வந்தது. அவருக்கு வெட்கமாக இருந்தது. பழக்கமில்லாத உணர்ச்சி ஆகையால் முதலில் வாயுத்தொல்லை என்று நினைத்து ஓமத்தண்ணீர் குடித்தார். போகவில்லை.

மறுநாள் காலையே பழைய அலுவலகத்துக்குப் போனார். அவர் இடத்தில், அதே நாற்காலியில், அதே மெத்தைமேல் சிங்காரம் உட்கார்ந்திருந்தார்; அவரும் உயரம் குறைந்தவர்தான்.

"சிங்காரம், கொஞ்சம் எழுந்திரு."

"எழுந்துக்கறதுக்கு மேலிடத்து உத்தரவு இருக்குதா சார்? நீங்கதான இதெல்லாம் சொல்லிக் குடுத்தீங்க."

சுப்பராயலு ஜன்னல் பக்கம் திரும்பி, "டீ வந்துடுச்சு போல" என்றார். சிங்காரம் எழுந்தார். மொத்த அலுவலகமும் எழுந்தது. சுப்பராயலு மெத்தையைத் தூக்கினார். கோப்புகள் அடுக்காக இருந்தன. அவர் வழியைச் சிங்காரமும் பின்பற்றியிருந்தாரோ, எல்லாமே அவர் வைத்ததுதானோ, அவருக்கே நினைவில்லை. மேலாக இருந்தது அந்தோணிசாமி குடும்பத்து மனு. தட்டையாகி ஓரம் வெளுத்திருந்தது. தொட்டுப் பார்த்தார். சூடாக இருந்தது.

"ஐயையோ சார், எல்லாத்தையும் எடுத்துடாதீங்க. நான் மேசைக்கு எட்டணும்," என்றார் சிங்காரம்.

சக ஊழியரின் கஷ்டம் சுப்பராயலுவுக்குப் புரியாதா? அந்த ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, மெத்தையைத் தட்டி முன்போலவே வைத்தார்.

அதன்பின் அவர் செய்தது மெச்சத்தக்கது. கோப்பைத் தம் கையாலேயே மேலிடத்துக்குக் கொண்டு போனார். "பரிசீலனையில் இருக்குது, நாளைக்கு வாங்க" என்றார்கள். அவர் போகவில்லை. வராந்தா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். மறுநாளும் உட்கார்ந்தார், அதற்கு மறுநாளும். உட்காரும் திறமையில் மாவட்டத்தில் அவரை வெல்ல ஆள் ஏது? வருகிறவர் போகிறவர் எல்லாம் அவர் காலில் தடுக்கி விழுந்தார்கள். அவரை எழுப்புவதற்கு ஒரே வழி கோப்பை நகர்த்துவதுதான் என்று அவர்களுக்கே புரிந்துபோயிற்று. குஞ்சுகள் கோழியாவதற்குள் உத்தரவு வந்துவிட்டது.

ஆரோக்கியம்மாள் உத்தரவை வாங்கி அந்தோணிசாமி படத்துக்கு முன்னால் வைத்து அழுதாள். சுப்பராயலுவும் அழுதார். பிறகு பொற்சபை நகர் முழுக்க, "நான் போய் உக்காந்தேன், முடிஞ்சுது" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். யாரும் மறுக்கவில்லை.

அறிவுமதி வேலையில் சேர்ந்த அன்று, பெரியவர் கூட வரட்டும் என்று அவரையும் அழைத்துப் போனார்கள். அலுவலகத்தில் நவீனமயம் வந்திருந்தது. சிங்காரத்துக்கு ஏற்றி இறக்கும் சுழல் நாற்காலி கொடுத்திருந்தார்கள். பழைய நாற்காலி, மெத்தையோடு, புதிதாகச் சேர்ந்த இளநிலை உதவியாளருக்கு ஒதுக்கப்பட்டிருந்தது.

"உக்காரும்மா அறிவு," என்றார் சுப்பராயலு பூரிப்போடு. "முப்பது வருஷம் நான் உக்காந்த எடம். ராசியான சீட்டு."

அறிவுமதி உட்காரவில்லை. நாற்காலியைச் சுற்றி வந்து பார்த்தாள். அப்பா தினமும் அட்டை செருகிய மெத்தை இதுதானே என்று குனிந்து அதைத் தூக்கினாள்.

அடியில் இன்னும் மூன்று பேர் இருந்தார்கள்.

சிங்காரம் சுழல் நாற்காலியைச் சுவர் பக்கம் சுழற்றிக்கொண்டார். அறிவுமதி மேலே இருந்த கோப்பை எடுத்துத் தூசியைத் தட்டினாள். உறையில் இருந்த பெயரைப் படித்தாள். பிறகு அதைக் காதோரம் கொண்டுபோய் மெல்ல ஆட்டினாள்.

"என்னம்மா பண்றே?" என்றார் சுப்பராயலு.

"உயிரு இருக்குதான்னு பாக்குறேன் சார்."